நிவால்டோவின் பதினோரு இலக்கங்கள்

அத்தியாயம் 14

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்த இடத்திலேயேதான் லவுரிந்தா நின்றுகொண்டிருந்தாள். கொல்லைப்புறத் துவைக்கும் தொட்டியடியில், கையில் மகனின் கால்பந்துச் சட்டையோடு.

எவாண்ட்ரோ வியாழக்கிழமைதோறும் வேலை முடிந்து பக்கத்து நகரமான பவுருவுக்குக் கால்பந்து ஆடப் போகிறான். போன வியாழன் எடுத்துப்போன சட்டை இது. அவள் தேய்த்துக் கொடுத்த மடிப்பு அப்படியே இருந்தது. முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனை மட்டும்தான். தண்ணீரில் அமுக்கினாள்.

புதன்கிழமை காலை. வெள்ளிக்கிழமையோடு வருமான வரிக் கணக்குக்குக் கெடு முடிகிறது. ஜாவூ ஊர் முழுக்க அந்த வாரம் அதே பேச்சு. ரொட்டிக் கடை வரிசையிலும் செருப்புத் தொழிற்சாலை வாசலிலும் 'கொடுத்தாச்சா?' என்று கேட்டால், எதை என்று யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள்.

இந்த வீட்டில் கொடுக்க வேண்டியவை இரண்டு. ஒன்று லவுரிந்தாவின் கணக்கு. மற்றது பதினோரு மாதத்துக்கு முன், போன ஜூனில் இறந்துபோன அவள் கணவர் நிவால்டோவின் கணக்கு. இறந்தவரும் கணக்குக் கொடுத்தாக வேண்டும். வீட்டுப் பத்திரம் பிரித்து எழுதி முடிகிறவரை அவருடைய வரி எண்ணுக்கு உயிர் உண்டு.

"அம்மா, டப்பாவை எடுத்துட்டு வாங்க," என்று உள்ளேயிருந்து தாயீஸ் கூப்பிட்டாள்.

மூத்தவள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை. காகிதத்தில் இல்லாத எதையும் நம்பாதவள். அப்பா போனதிலிருந்து குடும்பத்தின் கையெழுத்து எல்லாம் அவள் தலையில். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து வைத்திருந்தாள்.

லவுரிந்தா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியின் மேல்தட்டிலிருந்து டப்பாவை இறக்கினாள். கிறிஸ்துமஸ் கேக் வந்த வட்டத் தகர டப்பா. நிவால்டோ உயிரோடு இருந்தவரை அதை வேறு யாரும் தொட்டதில்லை. ஒவ்வொரு மாத ரசீதுக்கும் ஒரு ரப்பர் வளையம். மருந்துக்கடை, மருத்துவர், பல் டாக்டர் என்று தனித்தனிச் சுருள். இயந்திரத்தில் அடித்த ரசீது வெளுத்துப்போகும் என்று ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து, நகலின் முதுகில் தேதி எழுதி வைத்திருந்தார். மே மாதத்துக் கட்டு வரைக்கும் அவர் கையெழுத்து. ஜூனுக்கு வளையம் இல்லை.

தாயீஸ் மே மாதக் கட்டை எடுத்தாள். முதுகில் இருந்த தேதியை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அவசரமாக மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஓய்வூதியச் சீட்டு எங்க?" என்றாள்.

வரித்துறை இப்போதெல்லாம் படிவத்தில் பாதியைத் தானே நிரப்பி வைத்துவிடுகிறது. வங்கி, ஓய்வூதிய அலுவலகம், மருத்துவமனை என்று யார் யார் நம் எண்ணைப் போட்டு என்ன எழுதினார்களோ அதெல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்திருக்கும். நம் கையில் இருக்கும் ரசீதோடு அது ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் கணக்கை நிறுத்திவைத்து விசாரிப்பார்கள், நுண்கண் வலை. ஊரில் அதற்கு அதுதான் பேர். திமிங்கிலத்தை விட்டுவிட்டு நெத்திலியைப் பிடிக்கிற வலை என்பார் நிவால்டோ. அதில் மாட்டினால் வீட்டுப் பத்திரம் இன்னும் ஒரு வருஷத்துக்கு நகராது.

பதினொரு மணி வாக்கில் தாயீஸின் விரல் விசையின் மேல் நின்றது.

"அம்மா, அப்பா பவுருல ஏதாவது டாக்டரைப் பார்த்தாரா?"

லவுரிந்தா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை. "அவர் எங்க பவுரு போனார்? இங்கயே போகமாட்டார்."

"ஒரு கிளினிக் இருக்கு. ஆறு ரசீது. எல்லாம் அப்பா எண்ல." தாயீஸ் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டாள். "ஆகஸ்ட்லேர்ந்து நவம்பர் வரைக்கும்."

ஆகஸ்டில் நிவால்டோ போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

சமையலறையில் வெங்காயத்தின் காரம் மட்டும் மிச்சம் இருந்தது. லவுரிந்தா கத்தியை வைத்துவிட்டுக் குழாயைத் திறந்தாள். நல்ல காலம், வெங்காயம் இருந்தது. கண்ணைத் துடைத்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

*

எவாண்ட்ரோ மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். இளையவன், முப்பத்து நான்கு வயது. செருப்புத் தொழிற்சாலையில் தோல் வெட்டுகிறவன். மனைவி பிரிந்துபோன பிறகு பின்கட்டு அறைக்கே திரும்பி வந்துவிட்டான். தட்டை எடுத்துக்கொண்டு அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்றபடியே சாப்பிட்டான்.

"பெண்களுக்கான கிளினிக்குன்னு போட்டிருக்கே," என்றான். "அப்பா செத்த பிறகுதான் ஜாலியா இருந்திருக்கார் போல."

"வாயை மூடு," என்றாள் தாயீஸ். ஆனால் அவள் உதடு ஓரத்தில் துடித்தது. அப்பாவைப் பற்றி அந்த வீட்டில் யாரும் சிரித்தே பல மாதம் ஆகியிருந்தது.

சிரிப்பு அங்கே நீடிக்கவில்லை. எவாண்ட்ரோ தட்டை வைத்துவிட்டுக் குனிந்து திரையைப் படித்தான். ஊடுகதிர்ப் படம். சதை எடுத்துப் பரிசோதனை. மருத்துவர் ஆலோசனை நான்கு தடவை. எல்லாவற்றுக்கும் பணம் கட்டியவர், நிவால்டோ. ஒவ்வொரு ரசீதின் அடியிலும் பதிவு செய்தவர் பெயர், ஜுசாரா.

"இது திருட்டு," என்றான் அவன். "செத்தவன் எண்ணை எடுத்து யாருக்கோ ரசீது போட்டிருக்காங்க. எங்க தொழிற்சாலைல ஒருத்தனோட அம்மா எண்ல இப்படித்தான் ஒரு வண்டியே வாங்கிட்டாங்க. இந்த ஜுசாராதான் வேலையைக் காட்டியிருக்கா."

தாயீஸ் காலையில் அந்தக் கிளினிக்குக்குத் தொலைபேசியில் பேசியிருந்தாள். எண்ணுக்குச் சொந்தக்காரர் நேரில் வந்தால்தான் விவரம் சொல்வோம் என்றார்களாம். எண்ணுக்குச் சொந்தக்காரர் எங்கே இருக்கிறார் என்று இவள் சொன்னதும் அந்தப் பக்கம் அமைதியாகிவிட்டார்களாம்.

"அப்ப சந்தேகமே இல்ல," என்றான் எவாண்ட்ரோ. ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் நேராகக் காவல் நிலையம் போய்ப் புகார் எழுதிக் கொடுப்பதாகச் சொன்னான். அங்கே தெரிந்தவன் ஒருவன் இருக்கிறானாம். புகார் நகலை வரிக் கணக்கோடு இணைத்துவிட்டால் வலையில் விழாமல் தப்பலாம். தாயீஸுக்கும் அது சரியாகவே பட்டது. அவள் ஜுசாராவின் முழுப் பெயரை ஒரு தாளில் எழுத ஆரம்பித்தாள்.

லவுரிந்தா அடுப்பின் பக்கம் திரும்பி நின்று அதைக் கேட்டாள். பேனா தாளில் ஓடும் சத்தம்.

ஜுசாராவை அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வயது இருக்கும். பல்லுக்குக் கம்பி போட்டிருப்பாள். சதை எடுத்த அன்று லவுரிந்தாவுக்குக் கால் நடுங்கியபோது, கவுன்ட்டரை விட்டு வெளியே வந்து, தண்ணீர் கொடுத்து, பேருந்து வரும்வரை அவளுடைய கைப்பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

வாயைத் திறக்காமல் இருந்தால் அந்தப் பெண்ணின் வேலை போகும். திறந்தால் ஒன்பது மாதமாக இந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் தூக்கிச் சுமந்தது மேசைமேல் வந்து விழும்.

*

எண் சொல்வது நிவால்டோவின் வியாதி. கடைக்காரர் 'பில்லில் எண் போடவா?' என்று கேட்கும் முன்பே அவர் சொல்லத் தொடங்கியிருப்பார். எண் போட்ட பில்லுக்கு மாநில அரசு கொஞ்சம் பணம் திருப்பித் தரும். மாதாமாதம் குலுக்கலும் உண்டு. வீட்டில் எல்லாருடைய செலவும் ஒரே எண்ணில் சேர்ந்தால்தான் பரிசு விழும் என்பது அவர் கணக்கு. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை விழுந்தது. அதில் இந்தப் பிரஷர் குக்கரை வாங்கினார்.

பிள்ளைகளை ரொட்டி வாங்க அனுப்பும்போது காசோடு எண்ணையும் கொடுத்து அனுப்புவார். மூன்று மூன்றாக மூன்று தடவை, கடைசியில் இரண்டு. அந்தத் தாளத்தில் குதித்துக்கொண்டே போவான் எவாண்ட்ரோ. தெருமுனை வரைக்கும் கேட்கும். பெயரை மறந்தாலும் அந்த எண்ணை மறக்கமாட்டார்கள் இந்த வீட்டுப் பிள்ளைகள்.

லவுரிந்தா நாற்பது வருஷமாகக் காய்கறிக்கும் நூல்கண்டுக்கும் மாத்திரைக்கும் அதையே சொல்லி வந்தாள். அவளுக்கும் ஒரு எண் இருந்தது. அது எங்கேயோ ஒரு அட்டையில் இருந்தது.

"முழுப் பேரும் எழுதிட்டேன்," என்றாள் தாயீஸ். "இந்தா, மடிச்சுப் பையில வெச்சுக்கோ."

எவாண்ட்ரோ தாளை வாங்கக் கை நீட்டினான்.

"போலீசுக்குப் போக வேண்டாம்," என்றாள் லவுரிந்தா.

இருவரும் திரும்பினார்கள்.

"அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல. எண்ணைச் சொன்னது நான்தான்."

யாரும் எதுவும் கேட்கும் முன்பே அவள் முன்னறைக்குப் போனாள். தையல் இயந்திரத்தின் இழுப்பறையைத் திறந்து, பாபின்களை ஒதுக்கி, அடியில் கிடந்த உறையை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். ஆறு ரசீதுகள். நகல் எடுத்து, நகலின் முதுகில் தேதி எழுதி, ஒரு ரப்பர் வளையம் போட்டிருந்தாள்.

தாயீஸ் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பரிசோதனை என்ற சொல் வந்த தாளில் அவள் கை நின்றுவிட்டது.

"எங்க?" என்றாள்.

லவுரிந்தா இடது மார்பின் மேல் கையை வைத்துக் காட்டினாள். நிவால்டோவின் முப்பதாம் நாள் பூசைக்குக் கறுப்புச் சட்டை போடும்போது கட்டி கையில் தட்டுப்பட்டது என்றாள். அவர் போனதோடு, அவர் வேலைபார்த்த தொழிற்சாலையின் மருத்துவக் காப்பீடும் போய்விட்டது. ஜாவூவில் காட்டினால் மறுநாளே ஊருக்குத் தெரியும். அதனால் பவுரு. தைத்துச் சேர்த்த பணத்தில் கட்டினாள்.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"யார்கிட்ட சொல்றது? நீ அப்பாவோட சாவுப் பேப்பரை வெச்சுக்கிட்டு வரிசை வரிசையா நின்னுக்கிட்டிருந்த. இவன் பொண்டாட்டி விட்டுட்டுப் போன வீட்டைக் காலி பண்ணிக்கிட்டிருந்தான்."

எவாண்ட்ரோ சுவரில் சாய்ந்து நின்றான். கையிலிருந்த தாளை நான்காக மடித்தான், எட்டாக மடித்தான்.

"சரி, போனீங்க," என்றாள் தாயீஸ். காகிதத்தைப் பிடித்தால்தான் அவளுக்குப் பேச்சு வரும். "உங்க எண்ணைத்தானே கேட்டிருப்பாங்க. உங்க எண்ணைச் சொல்ல வேண்டியதுதானே. இது எவ்ளோ பெரிய சிக்கல் தெரியுமா?"

"என் எண் எனக்குத் தெரியாது."

"அட்டை பையில இருக்குமே."

"முதல் தடவை வாய் தானாச் சொல்லிடுச்சு." லவுரிந்தா மேசை விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டாள். "அந்தப் பொண்ணு கணினியைப் பார்த்துட்டு, பணம் கட்டறது நிவால்டோ, உங்க வீட்டுக்காரரான்னு கேட்டா. ஆமான்னேன். அங்க எல்லாப் பொம்பளைங்களும் கூட ஒருத்தரை அழைச்சுட்டு வந்திருந்தாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "ரெண்டாவது தடவை தெரிஞ்சேதான் சொன்னேன். அப்புறம் எல்லாத் தடவையும்."

குக்கர் சத்தம் போட்டது. யாரும் எழுந்து போகவில்லை. இரண்டாவது சத்தத்துக்கு எவாண்ட்ரோதான் போய் அடுப்பை அணைத்தான். அங்கேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"முடிவு என்ன வந்துச்சு?" என்று கேட்டாள் தாயீஸ்.

"கெட்ட கட்டி இல்லன்னாங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஒரு படம் எடுக்கணும்னாங்க."

"நவம்பர்லேர்ந்து ஆறு மாசம்." அவள் விரல்விட்டு எண்ணவில்லை. "இந்த மாசம்தானே. போனீங்களா?"

லவுரிந்தா ரசீதுகளைத் திரும்ப அடுக்கி வளையத்தைப் போட்டாள்.

தாயீஸ் எழுந்து வந்து அம்மாவின் எதிரில் நின்றாள். கட்டிப்பிடிப்பாள் என்று லவுரிந்தா நினைத்தாள். அவள் அம்மாவின் சட்டைப் பொத்தான் ஒன்று கழன்றிருந்ததைப் போட்டுவிட்டாள், அவ்வளவுதான். போட்டபின்னும் கையை எடுக்கவில்லை.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்குக் கிளினிக் வாசல்ல இருக்கணும்," என்றாள். ஆறு ரசீதையும் ரத்து செய்து அம்மாவின் எண்ணில் புதிதாக வாங்க வேண்டும். அப்பாவின் கணக்கில் இருந்து அந்த வரிகளை நீக்க வேண்டும். இன்னும் இரண்டே நாள். "அப்படியே படமும் எடுத்துட்டுத்தான் வரோம். அதுல பேச்சே இல்ல."

"நான் வண்டி ஓட்டறேன்," என்றான் எவாண்ட்ரோ, திரும்பாமலே. "லீவு சொல்லிடறேன்."

*

காப்பி போட்டாள் லவுரிந்தா. சோளமாவுக் கேக்கை அறுத்து வைத்தாள். சுமை இறங்கினால் இலேசாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி இருக்கவில்லை.

தாயீஸ் நீக்க வேண்டிய வரிகளைத் திரையில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வந்தாள். ஒன்று, இரண்டு, ஆறு. அடுத்த பக்கத்துக்குத் தள்ளினாள்.

"இது ஏழாவது," என்றாள்.

"ஆறுதான்," என்றாள் லவுரிந்தா.

"கிளினிக் இல்ல. தனி டாக்டர். ஒரு அம்மா பேர் போட்டிருக்கு." கண்ணாடி கீழே இறங்கியது. "மனநல ஆலோசனை. பவுருல. டிசம்பர் மாசம் நாலு தடவை. தேதி எல்லாம் பார்த்தா..." பக்கத்தில் மாட்டியிருந்த பழைய நாட்காட்டியை எட்டிப் புரட்டினாள். "நாலும் வியாழக்கிழமை."

எவாண்ட்ரோவின் காப்பிக் கோப்பை உதட்டுக்குப் பக்கத்தில் நின்றது.

லவுரிந்தா அவனைப் பார்த்தாள். அவன் யாரையும் பார்க்கவில்லை. டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்தது. மூன்று. மூன்று. மூன்று. இரண்டு.

மடிப்புக் கலையாத அந்தச் சட்டை இந்நேரம் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கும்.

"இதுவும் நீங்களாம்மா?" என்றாள் தாயீஸ்.

"அதுவும் நான்தான்," என்றாள் லவுரிந்தா.

"டிசம்பர்ல வியாழக்கிழமை பூரா எங்க வீட்லதானே இருந்தீங்க. என் சின்னவளைப் பார்த்துக்கிட்டு."

"நடுவுல போயிட்டு வந்தேன்."

"பவுருவுக்கா? குழந்தையை யார்கிட்ட விட்டுட்டு?"

"தூங்கினப்ப. பக்கத்து வீட்ல சொல்லிட்டு."

தாயீஸின் முகம் மாறியது. கட்டியை மறைத்ததை மன்னித்தவளுக்கு, ஐந்து வயதுக் குழந்தையைத் தனியே விட்டதைக் கேட்டதும் கழுத்து நரம்பு புடைத்தது. எதையோ சொல்ல வாயெடுத்தாள். தம்பியைப் பார்த்தாள். அவன் கோப்பையை மெல்ல மேசையில் வைத்தான்.

"சரி," என்றாள் அவள். கணினியை மூடினாள். அம்மாவின் பையிலிருந்து வரி அட்டையை எடுத்து, எண்ணைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்தாள். "நாளைக்கு இதைச் சொல்லணும். ரெண்டு இடத்துலயும். அந்த டாக்டரம்மாகிட்டயும் புது ரசீது வாங்கணும். டிசம்பர்ல யார் வந்தாங்கன்னு அவங்களே சொல்லட்டும்."

அவள் போனபிறகு வீட்டு வாசற்கதவு இரண்டு தடவை ஆடி நின்றது.

*

லவுரிந்தா தாளை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். சட்டையைப் பிழியப் போனவளிடமிருந்து எவாண்ட்ரோ அதை வாங்கிக்கொண்டான். முறுக்கினான். தெளிந்த தண்ணீர்தான் வடிந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆறு மாசமா வேர்க்காத சட்டையைத் துவைச்சுக்கிட்டிருக்கேன்."

அவன் சிரிக்க முயன்றான். "மறந்தே போச்சும்மா. எண் சொல்லுங்கன்னாங்க அந்தம்மா. நான் பாட்டுக்குச் சொல்லிட்டேன். போலீசுக்கு வேற போறேன்னேன்." சட்டையைக் கொடியில் போட்டான். ஓரத்தை இழுத்து நேராக்கினான். மறுபடியும் இழுத்தான். "அப்பா போனதுக்கு அப்புறம் என்னால... அக்காவுக்குத் தெரிஞ்சா, ஆம்பளைக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேப்பா."

"அவ கேக்கமாட்டா. இப்ப அவ பிள்ளையை விட்டுட்டுப் போனேன்னு என்னைத்தான் நினைச்சுக்கிட்டிருப்பா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நாளைக்கு வியாழக்கிழமை," என்றான்.

"தெரியும்."

"அந்தம்மா என்னைப் பார்த்ததும் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க."

"இங்கேர்ந்து பவுரு ஒரு மணி நேரம்," என்றாள் லவுரிந்தா. "மூணு பேரும் ஒரே வண்டிலதான் போறோம். வழியில பேசலாம். பேசாமலும் வரலாம். நீதானே ஓட்டப்போற."

அவன் வேலைக்குக் கிளம்பினான்.

அவள் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து தாளைப் பிரித்தாள். இடது கை தானாக நெஞ்சுக்குப் போனது. நாளை இந்நேரம் அந்தப் படம் எடுத்திருப்பார்கள். ஜுசாரா எண் கேட்பாள்.

அறுபத்து மூன்று வயதில் தன் எண்ணைத் தானே சொல்லிப் பார்த்தாள். முதல் மூன்று சரியாக வந்தது. இரண்டாவது மூன்றும் வந்தது. மூன்றாவதில் நாக்கு பழைய பாதைக்கே திரும்பி நிவால்டோவின் எண்ணில் போய் நின்றது.

தாளை மடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.